ரேகை விழாத விரல்

எங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனவனுக்கு நாங்கள் மோர் கொடுத்து அனுப்பினோம்.

இதை எழுதும்போது இன்றைக்கும் கோபம் வருகிறது. பஜனைக் குழு மலருக்கு எழுதுகிறாய், சாந்தமாக எழுது என்று இரண்டு பேர் சொன்னார்கள். முயன்று பார்த்தேன், வரவில்லை. நாம் கும்பிடுகிற சாமி கையில் வேல் இருக்கிறது. அதனால் கோபத்தோடு எழுதினாலும் அவன் தள்ளிவிட மாட்டான் என்று நம்பி, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கிருத்திகை தோறும் பஜனைக்கு வருகிற பெரியவர்கள் இதைப் பக்கத்தில் யாரையாவது வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அது மூன்று வருஷத்துக்கு முன், பங்குனி மாதம். அப்பாவுக்கு அப்போது அறுபத்தாறு வயது. அம்மாவுக்கு அறுபது இருக்கும். பழனிக்குப் பல வருஷம் நடந்த பிறகு, காலம் போன காலத்தில் பிறந்த ஒரே பிள்ளை நான். தாத்தா வரைக்கும் தறிக்காரர்கள். தறி சோறு போடவில்லை என்று அப்பா திருப்பூருக்கு வந்து சலவைப் பட்டறையில் சேர்ந்தார். மிஷினிலிருந்து வருகிற பழுப்புப் பனியன் துணியை வெள்ளையாக்குகிற வேலை. பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் துணியை முக்கி, மிதித்து, அலசி, பிழிந்து, ஆற்றங்கரையில் காயப்போட வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் அதைச் செய்தார். அவருடைய உள்ளங்கையைத் தொட்டால் கழுவி வைத்த தட்டைத் தொட்டது போல வழுவழுவென்று இருக்கும். அந்தக் கையால்தான் நொய்யல் ஓரத்தில் ஒரு துண்டு இடம் வாங்கி ஓட்டு வீடு கட்டினார். எங்களுக்கு இந்த உலகத்தில் இருந்ததும் இருப்பதும் அது ஒன்றுதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். ஒரு பனியன் கம்பெனியில் பார்சல் மேல் இங்கிலீஷில் விலாசம் எழுதுகிற வேலை கிடைத்தது. கம்பெனியில் எனக்கு மரியாதை. வீட்டில் அதைவிட மரியாதை. நான் உட்கார்ந்து பேப்பர் படித்தால் அம்மா சத்தமில்லாமல் நடப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லாததால் கம்பெனி ஓடவில்லை. நான் வீட்டில் இருந்தேன். பதினோரு மணி இருக்கும், வாசலில் இரண்டு பேர். ஒருவன் பேன்ட் சட்டை, கையில் ஃபைல், சட்டைப் பையில் இரண்டு பேனா. பின்னால் நின்றவன் வெள்ளை உடுப்பில் இருந்தான். மார்புக்குக் குறுக்கே சிவப்பு டவாலி, அதில் பளபளவென்று பித்தளை வில்லை. பெரிய ஆபீசருக்கு முன்னால் போகிற பியூன் போட்டிருப்பானே, அதே மாதிரி.

அந்த டவாலியைப் பார்த்ததும் அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"யோவ் பெரியவரே, இந்த வீடு யார் பேர்ல இருக்கு?"

"எம் பேர்லதானுங்க சாமி. உள்ள வாங்க. உக்காருங்க."

ஜமுக்காளம் விரித்தோம். அவர்கள் உட்கார்ந்தார்கள். அப்பா எட்டி, சுவர் ஓரமாக நின்றார். நீங்கள் யார், என்ன பேர், எந்த ஆபீஸ் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் வந்தவரிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. முதலில் தண்ணீர், பிறகு மோர், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வது. இந்த மரியாதையைத்தான் அவன் தன் தொழிலுக்கு முதலாக வைத்திருந்தான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அவன் சொன்னது இது. புது சர்வேயில் ஆற்றோரம் முழுக்கப் புறம்போக்கு என்று வந்திருக்கிறதாம். மேலிடத்து உத்தரவாம். ஆபீசில் பத்திரத்தைக் கொடுத்துச் சீல் வாங்காத வீட்டை எல்லாம் இந்த மாதத்துக்குள் இடித்துவிடுவார்களாம்.

"இடிப்பாங்களா? வெல குடுத்து வாங்குனதுங்க சாமி இது" என்றாள் அம்மா.

"எல்லாரும் அதையேதாம்மா சொல்றாங்க. வயசானவங்களாச்சே, ஆபீசுக்கு அலைய முடியாதேன்னுதான் நானே வந்திருக்கேன். இல்லேன்னா நோட்டீஸை ஒட்டிட்டுப் போயிருப்பேன். அப்புறம் உங்க பாடு."

பயத்தையும் அவனே காட்டினான், இரக்கத்தையும் அவனே காட்டினான். அம்மா அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். என் அம்மா, அவனை, கும்பிட்டாள்.

நான் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். "உத்தரவு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு கணம் யோசித்தான். பிறகு முகம் முழுக்கச் சிரித்தான்.

"தம்பி படிச்சவரா? அப்பாடா! இந்தத் தெருவுல விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தராவது இருக்கீங்களே. இந்தாங்க, நீங்களே படிச்சு அப்பாவுக்கு எடுத்துச் சொல்லுங்க."

அப்பாவை 'யோவ்' என்றவன் என்னை 'நீங்க' என்றான். அதில் நான் குளிர்ந்து போனேன்.

சிங்க முத்திரை போட்ட இங்கிலீஷ் காகிதம். ஒரு பக்கம் முழுக்க நெருக்கமாக அச்சு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஊர்ப்பேர் இங்கிலீஷ். பம்பாய், கல்கத்தா, டெல்லி, நாக்பூர் என்று தூக்கத்தில் கேட்டாலும் தப்பில்லாமல் எழுதுவேன். ஆனால் அந்தக் காகிதத்தில் ஊர்ப்பேர் ஒன்றும் இல்லை. எழுத்தெல்லாம் தெரிகிறது, பொருள் ஒன்றும் தெரியவில்லை. அப்பா என் முகத்தைப் பார்க்கிறார். அம்மா முகத்தில் ஒரு பெருமை, இவனைப் படிக்க வைத்தது இதற்குத்தானே என்பது போல. நான் உதட்டை அசைத்துக்கொண்டே கண்ணைக் கடைசி வரிவரைக்கும் ஓட்டினேன். அடியில் இருந்த கையெழுத்தைக்கூடக் கூர்ந்து பார்த்தேன்.

"சரியாத்தான் இருக்குதுங்கப்பா" என்றேன்.

அந்த வார்த்தையை நம்பி அப்பா தகரப் பெட்டியைத் திறந்தார். மஞ்சள் துணியில் சுற்றி, முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த பத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். சம்மதத்துக்கு ஒரு கைநாட்டு வேண்டும் என்றான். எழுதாத முத்திரைத்தாள். டவாலிக்காரன் அப்பாவின் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கி, தாளில் வைத்து உருட்டினான். "அழுத்துய்யா, சோறு தின்னலையா?" என்று அவன் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதன்பிறகு மோர். கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட மோர். இரண்டு டம்ளர் குடித்தான். போகும்போது அந்த இங்கிலீஷ் காகிதத்தை என்னிடமே கொடுத்து, "ரசீதா வச்சுக்குங்க" என்றான்.

அன்று முழுக்க அப்பா தெருவில் எல்லாரிடமும், "எம் பையன் படிச்சுப் பாத்து சரின்னு சொன்னதுக்கப்பறந்தானுங்க குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கம்பெனியில் ஆற்றோரத்துக்காரர்கள் நாலைந்து பேரிடம் விசாரித்தேன். ஒருவர் வீட்டுக்கும் ஆபீசர் வரவில்லை. திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு சர்க்கார் ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு கிளார்க் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, உங்க வீட்டுல எத்தனை கோழி இருக்கு?"

"கோழி இல்லீங்க சார்."

"பின்ன இது எதுக்கு? கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வராம ஊசி போடச் சொல்லி வந்த நோட்டீஸ்ப்பா இது."

பக்கத்து மேஜைகளில் எல்லாரும் சிரித்தார்கள். நான் பத்திரம் போன கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. புது சர்வே எதுவும் இல்லை, இடிப்பும் இல்லை, அப்படி ஒரு ஆபீசரும் இல்லை என்றார்கள். போலீசில் சொல் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அம்மா, "நம்ம ஊட்டுல கோழிகூட இல்லியே அப்புனு" என்றாள். கேலிக்குச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அப்பா கேட்டார். "உனக்கு அது படிக்கத் தெரியலையா கண்ணு?"

"தெரியலீங்கப்பா."

"தெரியலீன்னு சொல்லியிருக்கலாமே சாமி."

அவ்வளவுதான். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொண்டார்கள். படித்த பையன் பக்கத்தில் இருந்துமா கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள்? கிளம்பும்போது ஏட்டு, "திரும்ப வந்தா புடிச்சு வச்சுட்டுச் சொல்லியனுப்புங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர், "பத்திரமும் கைநாட்டும் கெடச்சவன் எதுக்குய்யா திரும்ப வரப்போறான்?" என்றார். அதுவும் நியாயம்தான். அந்த வெற்றுத் தாளில் வீட்டை விற்றுவிட்டதாக எழுதிக்கொண்டால் முடிந்தது. என்றைக்காவது ஒரு நாள் எவனோ வந்து, வீட்டைக் காலி செய் என்று நிற்பான்.

ஊரில் பேசினார்கள். கிழடுகளுக்குப் புத்தி மட்டு என்றான் ஒருத்தன். ஏதாவது கிடைக்கும் என்று ஆசைப்பட்டிருப்பார்கள் என்றான் இன்னொருத்தன். இங்கேதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. என் அப்பாவும் அம்மாவும் எதற்கும் ஆசைப்படவில்லை. தங்கள் வீடு தங்களுக்கு இருக்க வேண்டும் என்று நினைத்தது ஆசையா? சர்க்கார் என்றால் பயப்பட வேண்டும், பணிய வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அவர்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பணிவைத் திருடியவனை விட்டுவிட்டு, பணிந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இளவட்டங்கள் எல்லாம் மிஷினுக்குப் போன பிறகு, வயசானவர்கள் தனியாக இருக்கிற பகல் நேரம் பார்த்து வருகிறான் பாருங்கள், அவனுக்குப் புத்தி மட்டு என்று யாரும் சொல்லவில்லை.

அப்பா இடது கட்டைவிரலில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். அடிபட்டதா என்று கேட்டவர்களிடம் ஆமாங்க என்றார். அடிபடவில்லை. அந்த விரலைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. அம்மா அடுப்புப் பற்றவைப்பதைக் குறைத்துவிட்டாள். வீட்டைக் கூட்டும்போது சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அந்த வீட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை.

பத்திரம் போன மறு வெள்ளிக்கிழமை, வாராவாரம் நடக்கிற பஜனைக்குப் போனேன். நாலு வருஷமாகப் போகாதவன் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த பிறகு, ஜால்ரா தட்டிப் பாடுவது படிக்காதவர்கள் வேலை என்று எனக்குள் ஒரு எண்ணம். அப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டார். அன்றைக்கு யாரும் கூப்பிடாமல் போய்க் கடைசியில் நின்றேன். எல்லாரும் பாடினார்கள். எனக்குப் பாட்டு வரவில்லை. சண்டைதான் வந்தது.

முருகா, முப்பத்திரண்டு வருஷம் தொட்டியில் கை வெந்த மனுஷன் உன்னைத் தவிர யாரையும் நம்பினதில்லை. நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? பத்திரம் உன் படத்துக்குப் பக்கத்தில்தானே இருந்தது? தப்புச் செய்தது நான். பொய் சொன்னது நான். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு. ஆனால் அவனை விடாதே. எங்கேயோ பிடிபட்டான் என்று கேள்விப்படுகிறது எனக்குப் போதாது. அவனை எங்கள் வாசலுக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு வா. அவன் காலாலேயே நடந்து வர வேண்டும்.

நடக்காத காரியம் என்று தெரிந்துதான் கேட்டேன். நடக்கக்கூடியதைக் கேட்கச் சாமி எதற்கு?

நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை. கிருத்திகையும் அன்றுதான். நான் கம்பெனியில் ஒரு பார்சல் மேல் பம்பாய் விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி தாண்டியிருக்கும். கேட்டில் சத்தம். பார்த்தால் அம்மா. என் கம்பெனிக்கு ஒரு நாளும் வராதவள், செருப்பில்லாமல், தலை கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

"வந்துட்டான் அப்புனு. அவனே வந்துட்டான்."

வீட்டில் நடந்ததைப் பிறகு இரண்டு பேரும் சொல்லிக் கேட்டது இது. அதே பேன்ட், அதே டவாலி. போன தடவை ரேகை சரியாக விழவில்லை, வேறு தாளில் மறுபடி வைக்க வேண்டும் என்றானாம். அம்மா போன தடவை போலவே ஜமுக்காளத்தை விரித்தாள். "மோருக்கு உப்பு இல்லீங்க சாமி. கடைக்குப் போயிட்டு வந்தர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு, தெரு முனை வரைக்கும் நடந்தாள். அப்புறம் ஓடினாள். அறுபது வயதில் மூன்று தெரு ஓடினாள்.

அப்பா தனியாக இருந்தார். ஆபீசர் தாளை நீட்டினான். அப்பா விரலில் இருந்த துணியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போய் நிதானமாகக் கழுவினார். வந்து நின்று சொன்னார்.

"செவ்வாக்கெழமைங்களே சாமி. மூணுல இருந்து நாலர ராகு காலமுங்க. நாலரைக்கு மேல வச்சர்றேனுங்க."

"சர்க்காருக்கு ராகு காலம் ஏதுய்யா? வையிய்யா!"

"சர்க்காருக்கு இல்லீங்க. எங்கூட்டுக்கு உண்டுங்க. போன வாட்டி வெள்ளிக்கெழம ராகு காலத்துல வந்தீங்க. அதுலதானுங்களே ரேகை விழுகாமப் போச்சு? இந்த வாட்டியும் விழுகாட்டி உங்களுக்குத்தானுங்க அலைச்சல்."

ரேகை வேண்டும் அவனுக்கு. அவன் உட்கார்ந்தான். நேரம் பார்த்துப் பார்த்துச் சலித்துக்கொண்டு, என் வீட்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தான்.

நான் ஓடி வந்து வாசலில் நின்றபோது எனக்குப் பின்னால் எங்கள் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டரும் மிஷின்காரர்களும் பத்துப் பதினைந்து பேர். தலையெல்லாம் பஞ்சு. மாஸ்டர் வரும்போதே ஒருவரைச் சைக்கிளில் ஸ்டேஷனுக்கு அனுப்பியிருந்தார்.

ஆபீசர் எழுந்தான். அவனுக்கு நெஞ்சு தைரியம் இருந்தது, அதை மறுக்கமாட்டேன்.

"யாருடா நீங்கள்லாம்? சர்க்கார் வேலையைத் தடுக்கறீங்களா? டவாலி மேல கை பட்டா சர்க்கார் மேல கை பட்ட மாதிரி. மூணு வருஷம் உள்ள போயிருவீங்க. டேய், ஒவ்வொருத்தன் பேரும் கம்பெனியும் எழுதிக்கடா!"

டவாலிக்காரன் நோட்டை எடுத்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. முன்னால் நின்றவர்கள் ஓர் அடி பின்னால் வைத்தார்கள். நானும் வைத்தேன். கோழி நோட்டீஸ் என் சட்டைப் பையிலேயே இருந்தது. இருந்தும், ஒருவேளை நிஜ ஆபீசராக இருந்தால் என்று ஒரு விநாடி நினைத்தேன். அந்தச் சிவப்புத் துணிக்கு அவ்வளவு பலம்.

அப்பா பின்னால் போகவில்லை. முதல் தடவையாக அவர்களுக்குப் பக்கத்தில் போனார். டவாலிக்காரனுக்கு முன்னால் நின்று, அந்தச் சிவப்புத் துணியை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்தார். பட்டறையில் துணி வந்ததும் ஓரத்தைப் பிடித்துப் பார்ப்பாரே, அதே மாதிரி. தேய்த்துப் பார்த்தார். பிறகு இழுத்தார்.

அது நீண்டது.

ஒரு சாண் நீண்டது. விட்டதும் படக்கென்று திரும்பிப் போய் அவன் மார்பில் அடித்தது.

"இதென்னுங்க சாமி, நீளுது?" என்றார் அப்பா. "சர்க்கார் டவாலி தறியில நெஞ்சதுங்க. இழுத்தா நீளாதுங்க. இது பனியன் துணியாட்ட இருக்குதுங்களே."

கட்டிங் மாஸ்டர் முன்னால் வந்து இன்னொரு பக்கம் இழுத்துப் பார்த்தார். "அட, கட்டிங் வேஸ்ட்டு! செகப்புச் சாயம் போட்டுத் தெச்சிருக்கான். ஏனுங்க ஆபீசர், சர்க்காருக்கு நாங்கதானுங்க துணி சப்ளையா?"

அந்தக் கூட்டம் சிரித்த சிரிப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். பனியன் துணியிலேயே பிறந்து வளர்ந்த ஊரில், பனியன் துணியைக் காட்டி எங்களைப் பயமுறுத்தியிருக்கிறான். இத்தனை நாள் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. மரியாதைக்கு எட்ட நின்றோம். அவ்வளவுதான் அவனுடைய சாமர்த்தியம்.

ஓடப் பார்த்தார்கள். விடவில்லை. அம்மா ஆபீசரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையான என்னையே 'வாங்க போங்க' என்று கூப்பிடுகிற நாளெல்லாம் உண்டு என் அம்மாவுக்கு. வெளி ஆளிடம் அவள் 'ங்க' இல்லாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"குடுடா பத்திரத்த. குடிச்ச மோர் உன்ர வயித்துல நிக்குமாடா?"

போலீஸ் வந்தது. அவன் கொண்டுவந்திருந்த பையைத் திறந்தார்கள். எங்கள் பத்திரம் மஞ்சள் துணியோடு அப்படியே இருந்தது. அதோடு வேறு பத்திரங்களும் இருந்தன. எல்லாம் வயசானவர்கள் பேரில். ஒன்று பெருமாநல்லூர்ப் பக்கம் கண் சரியாகத் தெரியாத ஒரு பெரியவருடையது. பத்திரம் போனதே அவருக்குத் தெரியாது. சீல் போட்டுத் திரும்ப வரும் என்று காத்துக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டபோது எனக்குத் திரும்பவும் அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஏட்டு தடுத்துவிட்டார்.

அவன் ஏன் திரும்ப வந்தான் என்பதும் ஸ்டேஷனில்தான் தெரிந்தது. அப்பா கைநாட்டு வைத்த தாளை அவன் ஒரு பத்திரம் எழுதுகிறவரிடம் கொண்டுபோயிருக்கிறான். அவர் தூக்கிப் பார்த்துவிட்டு, இது ரேகையா மைக்கறையா, ஒரு கோடுகூட இல்லையே, இதை வைத்து ஒன்றும் எழுத முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்பர்களே, இங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

அப்பாவின் விரலில் ரேகை இல்லை. முப்பத்திரண்டு வருஷப் பிளீச்சிங் பவுடர் அதைத் தின்றுவிட்டது. பத்திரம் போன கலக்கத்தில் அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஓர் இடத்தில் கைநாட்டு வைக்கப் போனபோது, ரேகையே இல்லாத மனுஷன் உண்டா என்று அவரைத் திட்டி அனுப்பினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முருகன் படத்துக்கு முன்னால், "என்ர விரலையுமா எடுத்துக்கிட்டே?" என்று கேட்டு அழுதார். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சிலேட்டு வாங்கி வந்தேன். விரல் வழுக்கிக் குச்சி நிற்கவில்லை. இரண்டு எழுத்தோடு விட்டுவிட்டார். நான் கோபித்துக்கொண்டேன்.

அவர் கற்றுக்கொண்டிருந்தால் அன்றைக்கு அழகாகக் கையெழுத்துப் போட்டிருப்பார். நானே பக்கத்தில் நின்று, நன்றாகப் போட்டீர்கள் என்று சொல்லியிருப்பேன். வீடு போயிருக்கும்.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பிள்ளைகளை நான் காலேஜுக்கு அனுப்புவேன். ஆனால் எங்கள் வீட்டில் படித்தவன் கதவைத் திறந்துவிட்டான். முருகன், தேய்ந்துபோன ஒரு விரலை வைத்து அதைச் சாத்தினான். நான் வெள்ளிக்கிழமை கேட்டதற்குப் பதிலை அவன் முப்பத்திரண்டு வருஷமாகத் தொட்டிக்குள் தயார் செய்துகொண்டிருந்தான். நாங்கள்தான் அதை நஷ்டம் என்று நினைத்து அழுதோம்.

பத்திரத்தைத் திரும்ப வாங்கும்போது அப்பா மறுபடியும் கைநாட்டு வைக்க வேண்டியிருந்தது. அங்கே இருந்தவர் தாளைப் பார்த்து, "என்னய்யா பெரியவரே, ரேகையே விழலியே?" என்றார்.

"விழுகாதுங்க" என்றார் அப்பா. தலையைக் குனியவில்லை. "அது விழுகாததாலதானுங்க நான் இங்க நிக்கறேன். உங்க பேரு என்னனு தெரிஞ்சுக்கலாமுங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே பேரைச் சொன்னார். இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா மோர் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு, "பேரு என்னுங்க, எந்த ஆபீசுங்க?" என்று கேட்கிறார். நிஜமான ஆபீசர் யாரும் இதுவரைக்கும் கோபித்துக்கொள்ளவில்லை.

என்னைப் பற்றி ஒன்று. அன்றிலிருந்து நான் ஒரு கிருத்திகை பஜனைக்கும் வராமல் இருந்ததில்லை. பஜனை முடிந்த பிறகு மண்டபத்தில் உட்கார்ந்திருப்பேன், உங்களுக்குத் தெரியும். நோட்டீஸ், மனு, பத்திரம், வரி, எது வந்தாலும் பெரியவர்கள் எடுத்து வாருங்கள். படித்துச் சொல்கிறேன். உங்களை யாராவது சர்க்கார் பேரைச் சொல்லி அவசரப்படுத்தினால், ராகு காலம் என்று சொல்லுங்கள். அது ராகு காலமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த நேரத்துக்குள் யாரையாவது கூப்பிடுங்கள். முருகனையும் கூப்பிடுங்கள். கோபமாகக் கூப்பிட்டாலும் வருவான். எனக்கு வந்தான்.

நீங்கள் கொண்டுவருகிற காகிதம் எனக்கும் புரியாமல் இருக்கலாம். அப்போது நான் உதட்டை அசைத்துக்கொண்டிருக்க மாட்டேன். நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்து, "எனக்கும் தெரியலீங்க, வாங்க, தெரிஞ்சவங்ககிட்டப் போலாம்" என்பேன். அந்த வார்த்தையைச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வீட்டின் விலை ஆகியிருக்க வேண்டும். அந்த விலையை என்னிடம் வாங்காமல் விட்டான் முருகன்.